கொஞ்ச நேரம் பிடித்த கயிறு

"இந்த வெக்கத்தை எங்க கொண்டு போய்த் தொலைக்கது, தாயி?"

கேட்டவர் லேசுப்பட்ட ஆள் இல்லை. பனிமயதாஸ். தூத்துக்குடிக்காரர். இலங்கைக் கரையில் குதித்து நம் கரை வரைக்கும், முப்பது கிலோமீட்டர் கடலை, ஒன்பது மணி பத்து நிமிஷத்தில் நீந்தி வந்தவர். இருபத்திரண்டு வருஷமாக அந்த நேரத்தை ஒருத்தரும் தொடவில்லை. அதற்கப்புறம் எத்தனையோ கடல், எத்தனையோ மெடல். பள்ளிக்கூடத்து வினாடி வினாப் புத்தகத்தில்கூட அவர் பெயர் உண்டு.

கேட்கப்பட்டவள் அவரைவிடப் பத்து வயது இளையவள். நாகரெத்தினம். கடல்பாசி எடுக்கிறவள். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூச்சை அடக்கி முங்கி, பாறையில் ஒட்டியிருக்கிற பாசியைப் பறித்து இடுப்புப் பையில் போட்டுக்கொண்டு மேலே வருகிற வேலை. அவளிடம் போய் ஒரு கேள்வி கேட்டால் மனசில் உள்ள முடிச்சு அவிழும் என்று அந்தக் கரையில் ஒரு பேச்சு. யார் கிளப்பிவிட்டது என்று அவளுக்கே தெரியாது. பேரன் பேத்தி எடுத்தவர்கள்கூட அவளை ரெத்தினத்தாயி என்றுதான் கூப்பிடுவார்கள்.

அன்றைக்குக் காலையில் அவள் மணலில் பாய்களை விரித்து, பாசியைப் பரப்பிக் கல்லும் சிப்பியும் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கூட நாலு பெண்கள்.

"யாருண்ணே நீங்க?"

"நான் பனிமயதாஸ்."

சொல்லிவிட்டுக் காத்திருந்தார். அந்தப் பெயரைச் சொன்னால் ஜனங்கள் எழுந்து நிற்பார்கள், செல்ஃபி எடுப்பார்கள். பழகிவிட்டது.

"சரி. காலை எடுங்க. பாசிய மிதிக்கிறீக."

காலை எடுத்தார்.

தோள்பையிலிருந்து அந்த நீச்சலுக்குக் கிடைத்த மெடலை வெளியே எடுத்தார். உள்ளங்கை அகலம், நல்ல கனம்.

"இதைக் கடல்ல வீசிரலாம்னு கொண்டாந்தேன். வீசினா தீருமா, தாயி?"

அவள் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஓரத்தை விரலால் தடவினாள்.

"வீசாதீக. முங்குறவ காலக் கிழிச்சிரும்."

பெண்கள் சிரித்தார்கள்.

"மொட்டை போட்டுக்கிட்டு வேளாங்கண்ணிக்கு நடந்தே போறேன். போனா தீருமா?"

"வேளாங்கண்ணியில யாருக்கு என்ன செஞ்சீக?"

"ஒண்ணும் செய்யலையே."

"பெறகு அங்க என்ன சோலி?"

பனிமயதாஸ் சுற்றுமுற்றும் பார்த்தார். "கொஞ்சம் தனியா பேசணும்."

"இவளுக எங்கயும் போக மாட்டாளுக. வெயில் ஏறுமுன்ன பொறுக்கி முடிக்கணும். நீங்க சொல்லுங்க."

அந்தப் பெண்கள் நாலு பேரும் தலையைக் குனிந்துகொண்டு கல் பொறுக்கினார்கள். காது மட்டும் இவர் பக்கம். அவர் எச்சிலை விழுங்கினார். தொண்டையில் மீன்முள் சிக்கினால் சோற்றை உருட்டி விழுங்கலாம். இது எந்தச் சோற்றுக்கும் இறங்கியதில்லை.

சொன்னார்.

கடல் நீச்சலுக்கு ஒரு சட்டம் உண்டு. கூடவே படகு வரும். ஆனால் நீந்துகிறவன் படகைத் தொடக் கூடாது, படகில் உள்ள ஆளையும் தொடக் கூடாது. கஞ்சியோ தண்ணீரோ போத்தலில் ஊற்றிக் கயிற்றில் கட்டி வீசுவார்கள். போத்தலை எடுத்துக் குடிக்கலாம். கயிற்றைப் பிடித்துத் தொங்கினால் அந்த நிமிஷமே நீச்சல் செல்லாது. எட்டு மணி நேரம் நீந்தியிருந்தாலும் சரி, செல்லாது என்றால் செல்லாதுதான்.

"ஏழாவது மணி நேரத்துல கெண்டைக்கால் இழுத்துக்கிட்டு, தாயி. நிமிர்ந்து பாக்கேன், கரையே தெரியலை. அழுகை வந்துட்டு. அந்நேரம் கஞ்சிப் போத்தலை வீசுனாவ. போத்தலை எடுத்தேன். கயித்தை விடலை. மணிக்கட்டுல ஒரு சுத்து சுத்திக்கிட்டேன்."

"ஒருத்தரும் பாக்கலையா?"

"பாக்க வேண்டிய நடுவர் ரெண்டு பேரு. ஒருத்தருக்குக் கடல் ஒத்துக்கிடலை, குனிஞ்சு வாந்தி எடுத்துக்கிட்டு இருந்தாரு. இன்னொருத்தரு அந்தப் பக்கம் திரும்பி உக்காந்து சாப்பிட்டுக்கிட்டு இருந்தாரு. படகு ஓட்டுனவன் மட்டும் பாத்தான். பாத்துட்டு, பீடி பத்த வைக்கத் திரும்பிக்கிட்டான். பாவம்னு நெனச்சானோ என்னமோ, இஞ்சினையும் கொஞ்சம் கூட்டி விட்டான். அவன் செத்து ஒம்பது வருஷம் ஆச்சு."

"எம்புட்டு நேரம் பிடிச்சிருந்தீக?"

"கொஞ்ச நேரம்தான்."

யோசிக்காமல் வந்த பதில். இருபத்திரண்டு வருஷமாக அவர் தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருந்தது அதுதானே.

நாகரெத்தினம் எழுந்தாள். மடியில் ஒட்டியிருந்த மணலைத் தட்டினாள். மார்பளவு தண்ணீரில் அவளுடைய வத்தை மிதந்துகொண்டிருந்தது. சின்னப் படகு. இறங்கிப் போய் அதன் பின்பக்கத்திலிருந்து ஒரு கயிற்றை அவிழ்த்துத் தண்ணீரில் விட்டாள்.

"வாங்கண்ணே. அன்னைக்கு எப்படிப் பிடிச்சீகளோ அப்படியே பிடிங்க. எம்புட்டு நேரம் பிடிச்சீகளோ அம்புட்டு நேரம் நில்லுங்க."

"எதுக்கு?"

"பிடிங்களேன், பாப்போம்."

சட்டையைக் கழற்றி மணலில் வைத்துவிட்டு இறங்கினார். கயிற்றை வலது மணிக்கட்டில் ஒரு சுற்று சுற்றினார். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார்.

அவள் கரைக்குப் போய்க் கல் பொறுக்க உட்கார்ந்துவிட்டாள்.

ஐந்து நிமிஷம் ஆயிற்று. அடடே, இவ்வளவுதானா! இதற்கா இத்தனை வருஷம் தூக்கம் கெட்டது? ஒரு டீ ஆறுகிற நேரம்கூட இல்லையே. கிட்டத்தட்டச் சந்தோஷமாகவே கரையேறினார்.

"அஞ்சு நிமிஷம், தாயி. அவ்வளவுதான்."

"அந்தச் சாப்பிட்ட மனுசன் என்ன சாப்பிட்டாரு?"

இதென்ன கேள்வி என்று இருந்தது. ஆனால் பதில் பளிச்சென்று வந்தது. ஒன்றையும் அவர் மறக்கவில்லை.

"புளியோதரை. தொட்டுக்கிட உருளைக்கிழங்கு. அப்புறம் ஒரு வாழைப்பழம்."

"சாப்பிட்டு?"

"குனிஞ்சு கடல்ல கை கழுவுனாரு. வெத்தலைப் பெட்டியைத் தொறந்து, ஒவ்வொண்ணா நரம்பு கிள்ளி..."

"போட்டாரு."

"போட்டாரு."

"போட்டுட்டு?"

"துண்டை விரிச்சுப் படுத்துட்டாரு."

"இம்புட்டும் அஞ்சு நிமிசத்துலயா? அந்த மனுசன வெறிநாய் ஏதும் துரத்துச்சாண்ணே?"

பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருத்திக்குப் புரையேறிவிட்டது. பனிமயதாஸுக்குக் காது மடல் வரைக்கும் சுட்டது. மேடையில் எத்தனை பேர் மாலை போட்டிருக்கிறார்கள்! இந்த நாலு பெண்கள் முன்னால் இப்படி அம்மணமாக நின்ற மாதிரி அவர் எங்கேயும் நின்றதில்லை.

திரும்பிப் போய்க் கயிற்றைப் பிடித்தார்.

இந்தத் தடவை இருபது நிமிஷம். கயிறு மணிக்கட்டை அறுத்தது. கரையிலிருந்து ஒருத்தி குரல் கொடுத்தாள்.

"அண்ணே, நாளைக்கும் வந்துருங்க! வத்தையக் கட்டத் தறி அடிக்கிற வேலை மிச்சம்!"

அவர் முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

கரைக்கு வந்ததும் அவராகவே சொன்னார். "இருபது நிமிஷம். மாதா மேல சத்தியமா."

"மாதாவ எதுக்கு இழுக்குறீக? அவுக அந்தப் படகுல இருந்தாகளா?" அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "பிடிக்கயில கரை தெரியலைன்னு சொன்னீக. விடயில?"

அவர் மணிக்கட்டைத் தடவிக்கொண்டார்.

"விடயில, அண்ணே?"

"கலங்கரை விளக்கம் தெரிஞ்சுது."

"தலை மட்டுமா, முழுசாவா?"

கடலில் பிழைக்கிறவர்களுக்கு இந்தக் கேள்வி போதும். கரை கிட்ட வர வரத்தான் விளக்குக் கோபுரம் மேலிருந்து கீழாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரியும். கயிற்றைப் பிடித்துக்கொண்டே அது முழுசாக எழும்பி வந்ததை அவர் பார்த்திருக்கிறார். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டுதான் பார்த்தார்.

"முழுசா," என்றார். "அடியில இருக்க வெள்ளைக் கோடு வரைக்கும்."

நாகரெத்தினம் அடுத்த கல்லைப் பொறுக்கினாள். அவராகத்தான் திரும்பித் தண்ணீரில் இறங்கினார். கடிகாரத்தைக் கழற்றிச் சட்டை மேல் போட்டுவிட்டுப் போனார்.

கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெயில் உச்சந்தலையில் ஏறியது. அலை வந்து வாயில் அடித்தது. கால் மரத்தது. கரையில் பெண்கள் ஒரு பாயைப் பொறுக்கி முடித்து அடுத்த பாய்க்குப் போனார்கள். அதையும் முடித்தார்கள். அவர் விடவில்லை.

"நாப்பது நிமிஷம்!" என்று தண்ணீரில் நின்றபடியே கத்தினார். "கேட்டியளா தாயி? நாப்பது நிமிஷம் பிடிச்சேன்! கால் எப்பவோ சரியாயிட்டு. நீந்தியிருக்கலாம். சொகமா இருந்துச்சு, விடலை!"

கத்திவிட்டுத் தேம்பினார். நாற்பத்தாறு வயசு மனுஷன், மார்பளவு தண்ணீரில்.

நாகரெத்தினம் இறங்கி அவர் பக்கத்தில் வந்தாள்.

"இருவத்திரெண்டு வருசமா வராதவுக, இன்னைக்கு ஏன் வந்தீக?"

இந்தக் கேள்வியை அவள் கேட்டுவிடக் கூடாது என்றுதான் அவர் காலையிலிருந்து பயந்துகொண்டிருந்தார்.

"எங்கிட்ட ஒரு பிள்ளை பயிற்சி எடுக்கா. மெர்சிலின். பத்தொம்பது வயசு. போன வருஷம் இதே கடலை நீந்தி வந்தா. ஒம்பது மணி முப்பத்தோரு நிமிஷம்."

"நல்ல நேரமா?"

"எனக்கு அடுத்து அவதான். ஊரெல்லாம் என்ன சொன்னாவ? 'இருபத்தோரு நிமிஷத்துல விட்டுட்டியேம்மா'ன்னாவ. அந்தப் பிள்ளை எங்கிட்ட வந்து கேக்கா. 'சார், அந்த இருபத்தோரு நிமிஷத்தை நீங்க எந்த இடத்துல பிடிச்சீங்க?'ன்னு."

"என்ன சொன்னீக?"

அவர் கயிற்றைப் பார்த்தார்.

"ஏழாவது மணி நேரத்துலன்னு சொன்னேன். ஏழாவது மணி வந்ததும் உடம்புல ஒண்ணும் மிச்சம் வைக்காம அடி, நான் அப்படித்தான் அடிச்சேன்னு சொன்னேன்."

கரையில் சிரிப்புச் சத்தம் நின்றிருந்தது.

"அடிச்சாளா?"

"சொன்னதை அப்படியே செய்யுத பிள்ளை. சித்திரையில இறங்கினா. ஏழாவது மணியில அடிச்சா. அடிச்சவ அப்படியே கீழ போயிட்டா. முடியைப் பிடிச்சுத் தூக்கினோம். நாலு நாள் ஆஸ்பத்திரி. இன்னொரு தடவை இப்படி ஆனா நாங்க பொறுப்பில்லைன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

"பெறகு?"

"நாளைக்குக் காலையில மறுபடியும் இறங்குதா. அக்கரைக்குப் போயாச்சு. மத்தியானப் படகுல நானும் போகணும். ஏழாவது மணியில, 'அடி, அடி'ன்னு நான்தான் கத்தணும், தாயி."

நாகரெத்தினம் அவரை நிமிர்ந்து பார்த்தாள். முதல் தடவையாக அவள் முகத்தில் கோபம் தெரிந்தது.

"ஏன் சொல்லல?"

"வெக்கம்."

"எந்த வெக்கம்? கயித்தப் பிடிச்ச வெக்கமா, வெளிய தெரிஞ்சா வர்ற வெக்கமா?"

பதிலுக்கு அவரிடம் ஒரு வழி இருந்தது. வழி கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரர்.

"நாளைக்கு நீச்சலை நிப்பாட்டிருதேன். காத்து சரியில்லைன்னு சொல்லிருதேன்."

அவள் மிதந்து வந்த ஒரு பாசிக் கொத்தை எடுத்துப் பையில் போட்டாள்.

"இல்லைன்னா, ஏழாவது மணியில மெதுவா போன்னு சொல்லுதேன். இப்பம் வேற முறை வந்திருக்குன்னு சொன்னா நம்பிருவா. நான் என்ன சொன்னாலும் நம்புவா."

அவள் இன்னொரு கொத்தை எடுத்தாள்.

"ஒரு கடுதாசி எழுதி வச்சிருதேன். என் காலத்துக்கப்புறம் எல்லாரும் படிச்சுத் தெரிஞ்சுக்கிடட்டும்."

"நாளைக்கு அந்தப் புள்ள தண்ணிக்குள்ள போகயில, ஒங்க கடுதாசிய யாரு படிச்சுக் காட்டுறது? மீனா?"

அவர் தலை கவிழ்ந்துவிட்டது.

கரையிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். "அண்ணே, ஒங்க சட்டையில போன் அடிக்குது! மெர்சின்னு பேர் வருது!"

பனிமயதாஸ் அசையவில்லை. அடித்து ஓயட்டும் என்று நின்றார். ஓய்ந்தது. மறுபடி அடித்தது.

நாகரெத்தினம் கரைக்குப் போனாள். சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தாள். போனை எடுத்துக்கொண்டு, தண்ணீர் படாமல் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி வந்தாள். அவருடைய வலது கையில் கயிறு சுற்றியிருந்தது. இடது கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவளே போனை அவர் காதோரம் பிடித்தாள்.

"சார்! எங்க இருக்கீங்க? படகு ரெண்டு மணிக்காம், விட்டுடாதீங்க. இங்க காத்து சூப்பரா இருக்கு சார். நாளைக்கு எடுத்துடலாம். ஒண்ணே ஒண்ணு சார், ஏழாவது மணியில நீங்க என் பக்கமே நில்லுங்க. நான் முடியலைன்னு சொன்னாலும் விடாதீங்க. அடிக்க வைங்க."

அவர் நாகரெத்தினத்தைப் பார்த்தார். அவள் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கை அங்கேயே இருந்தது.

"சார்? கேக்குதா?"

"மெர்சி." கனைத்துக்கொண்டார். "மெர்சி, ஏழாவது மணியில நான் அடிக்கலைம்மா."

"என்ன சார்?"

"கயித்தைப் பிடிச்சுக்கிட்டேன். கஞ்சிக் கயித்தை. நாப்பது நிமிஷம். படகுதான் என்னை இழுத்துக்கிட்டு வந்துச்சு. யாரும் பாக்கலை. ஒனக்குச் சொன்னது பொய். நீ கேட்டப்போ வேற என்ன சொல்லன்னு தெரியாம அந்தப் பொய்யைச் சொன்னேன். நீ சாகப் பாத்தியே, அது என்னாலதான்."

சொல்லி முடித்துவிட்டார்.

போனில் காற்று இரைந்தது.

மெர்சி என்ன சொல்வாள் என்று அவர் எத்தனையோ நாள் நினைத்துப் பார்த்தாயிற்று. திருட்டுப் பயலே என்பாள். காறித் துப்புவாள். ஆஸ்பத்திரியில் மகள் காலைப் பிடித்துக்கொண்டு கிடந்த அவள் அம்மா செருப்பைக் கழற்றுவாள். பத்திரிகைக்காரர்கள் வாசலுக்கு வருவார்கள். எல்லாவற்றுக்கும் மனசில் பதில் வைத்திருந்தார். எந்தத் திட்டுக்கு எப்படி மன்னிப்புக் கேட்பது என்றுகூட வைத்திருந்தார்.

"சார்." குரல் சின்னதாக வந்தது. "கயித்தைப் பிடிச்சா அந்த நீச்சல் செல்லாதுல்ல?"

"செல்லாதும்மா."

"ஒன்பது பத்து... செல்லாது."

"செல்லாது."

மறுபடியும் காற்று.

"அப்ப போன வருஷம் நான் வந்தேனே சார். ஒன்பது முப்பத்தொண்ணு." ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். "அப்ப நான்தானா சார் முதல்? போன வருஷமே நான் ஜெயிச்சுட்டேனா?"

பனிமயதாஸின் வாய் திறந்தபடியே நின்றது.

அந்தக் கயிற்றை நினைக்காமல் அவர் கழித்த நாள் ஒன்றுகூட இல்லை. எப்போது நினைத்தாலும் தன் மணிக்கட்டு, தன் பெயர், தன் மானம். இந்தக் கேள்வி மட்டும் ஒரு நாளும் அவருக்குத் தோன்றியதில்லை. போன வருஷம் அந்தப் பிள்ளை கரையேறி, நேரத்தைக் கேட்டதும் ஈர மணலில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். இவர்தான் துண்டைப் போர்த்தி, முதுகைத் தட்டிக்கொடுத்து, "பரவாயில்லைம்மா, அடுத்த தடவை பாத்துக்கிடலாம்" என்றார்.

வெட்கம் என்று இத்தனை நாள் சுமந்தது எதை என்று அவருக்கே தெரியவில்லை. தண்ணீருக்குள் அப்படியே முங்கிவிடலாம் போல இருந்தது. காதோரம் இருந்த கை அசையவில்லை.

"சொல்லுங்கண்ணே," என்றாள் நாகரெத்தினம். "புள்ள காத்துக்கிட்டு இருக்கு."